சடை நாயும் சீப்பும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி நாய்க்கு மயிர் வாருவதைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர் பலர் நகைப்பர் என்பதை யான் அறியாமல் இல்லை. “எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் இருக்க, எழுதுவதற்கு உனக்கு வேறு பொருளே அகப்படவில்லையா?” என்று இம்மலரின் வேலையில் ஈடுபட்டிருக்கும் தோழி ஒருத்தி கேட்டே விட்டாள். அகப்படாமல் இல்லை. ஆனால் சென்ற இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் மிகுந்த வாதத்திற்கும், கோபத்திற்கும், ஒருமுறை கண்ணீருக்கும் காரணமாய் இருந்த பொருள் இதுவே. அன்றியும், இந்நாளில் நம் ஊர்களில் எத்தெருவிற் சென்றாலும் சிறிய சடை நாய் ஒன்றைக் காணலாம். அவற்றுட் பல, சிக்குப் பிடித்த மயிரோடும், ‘வீட்டை அசுத்தப்படுத்துகிறது’ என்னும் பழியோடும் நாள் கழிக்கின்றன. அப்பழி நாயைச் சேர்ந்ததன்று, வளர்ப்பவரையே சேர்ந்தது என்பது என் கருத்து. பிறரைக் குறை கூறும் எண்ணத்தோடு இதனை எழுதுகின்றேன் அல்லேன். அக்குற்றத்தைச் செய்தவர்களுள் யானும் ஒருத்தி.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் உள்ளது. என் மாமா ஒருவர் சென்னையிலிருந்து வந்தபோது, இரண்டு திங்கள் நிரம்பிய ஷிட்ஸு இனத்துக் குட்டி ஒன்றைக் கூடையில் வைத்துக் கொணர்ந்து என் கையிற் கொடுத்தார். வெண்மையும் பொன்னிறமும் கலந்த மயிர். அதனிடையே இரண்டு கரிய கண்கள். ஒரு கரிய மூக்கு. ‘பஞ்சு’ என்று பெயரிட்டோம். அன்று வீட்டில் மகிழாதவர் ஆச்சி ஒருவரே. நாய்க்கு உரிய இடம் புறக்கடை என்பது அவர்கள் கொள்கை. குட்டியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஏட்டி, உன் தலையையே இன்னும் நான்தான வாருதேன், இதுக்கு ஆரு வாருவா?” என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். அக்கேள்விக்கு அன்றே விடை கண்டிருந்தோமாயின் இக்கட்டுரைக்கு இடமே இராது.

இவ்வினம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருங்கச் சொல்லுதல் நலம். சீன மொழியில் இதன் பெயருக்குச் சிங்கம் என்பது பொருள். திபெத்திலிருந்து வந்த நாய்களின் வழியிற் பிறந்து, பீக்கிங் நகரத்து அரண்மனையில் வளர்க்கப்பட்டது. 1908-ஆம் ஆண்டில் இறந்த சீனப் பேரரசி சீஷி இத்தகைய சிறு நாய்களை விரும்பிப் பேணியவர். 1930-இல் இவை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1969-இல் அமெரிக்க நாய்ச் சங்கம் இதனைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. யான் இங்குக் கவனிக்க வேண்டுவது ஒன்றே. இந்நாய் வளர்ந்தது குளிர் நாட்டில். அதன் மயிரைப் பேண அரண்மனையிற் பணியாளர் பலர் இருந்தனர். பாளையங்கோட்டையிலோ சித்திரை வைகாசியில் வெயில் சில நாள்களில் நாற்பது பாகையைத் தொடுகின்றது. பணியாள் என்று சொல்லத் தக்கவள் யான் ஒருத்தியே.

மயிர் என்றவுடன் திருக்குறளின் கவரிமா தமிழ் மாணவர்க்கு நினைவு வருதல் இயல்பு. மயிர் நீங்கின் உயிர் வாழாது என்று சொல்லப்பட்ட அவ்விலங்கு மான் அன்று, இமயத்துச் சாரலிலும் திபெத்திலும் வாழும் சடைமாடே என்று கூறுவோர் உளர். எனக்கும் அவர்கள் பக்கமே சாய்வு உண்டு. அம்மாட்டின் நாட்டிலிருந்தே பஞ்சுவின் முன்னோரும் வந்தனர் என்று ஆச்சியிடம் சொன்னேன். “அப்ப அங்கயே இருந்திருக்கலாம்லா” என்பதே விடையாகக் கிடைத்தது.

ஓநாய்க்கு யாரும் மயிர் வாருவதில்லை. பருவம் மாறும்போது அதன் மயிர் தானே உதிர்ந்து, தானே முளைக்கும். அவ்வோநாயின் வழிவந்த நாயினத்தில், மயிர் நீண்டவற்றையே பொறுக்கிப் பொறுக்கி இணைத்துத் தலைமுறை தலைமுறையாக நீட்டியவன் மனிதன். மனிதர் தலைமயிரைப் போல ஓயாது வளரும் மயிரை அதற்குக் கொடுத்தோம். அதனை வாரிக்கொள்ளும் கையைக் கொடுத்தோமில்லை. ஆகலின் அந்தக் கை நம்முடையதாகத்தான் இருத்தல் வேண்டும். அழகிற்காக நாய்க்கு ஒப்பனை செய்வதாகப் பலர் எண்ணுகின்றனர். அழகு எப்படியாயினும் ஆகுக. மயிர் பேணல் அந்நாய்க்கு உணவும் நீரும் போன்ற ஒரு தேவை என்பதை யான் பட்டே அறிந்தேன்.

முதல் சில திங்கள் தொல்லை ஒன்றும் இல்லை. குட்டி மயிர் மெல்லியது, குறுகியது. என் பழைய சீப்பினால் முதுகை இரண்டு இழுப்பு இழுத்தால் பளபளக்கும். பத்தாம் திங்கள் அளவிற் குட்டி மயிர் கழிந்து முதிர்ந்த மயிர் வரத் தொடங்கிற்று. இம்மாற்றக் காலத்திலேதான் சிக்கு மிகுதியாக விழும் என்பதை அப்போது யான் அறியேன். எனக்கோ பருவத் தேர்வு. இரண்டு கிழமை சீப்பைத் தொடவில்லை. பின்னர்த் தொட்டபோதும் மேலே தெரிந்த மயிரை மட்டும் வாரினேன். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. காதின் பின்னாலும் முன்கால் அக்குளிலும் விரல் விட்டுப் பார்த்திருந்தால், கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டிருக்கும். நாற்றம் வரவே, என்னுடைய ஷாம்பு கொண்டு நன்றாகக் குளிப்பாட்டினேன். அதனினும் பெரும் பிழை வேறில்லை. சிக்கு எடுக்காத மயிரில் நீர் பட்டு உலர்ந்தால், கம்பளி இறுகுவதைப் போல அது இறுகிவிடும். நான்கு நாளிற் சடை அனைத்தும் ஒரே தகடாகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. நடக்கும்போதெல்லாம் அக்குளில் மயிர் இழுபட்டது. தொட்டால் முனகும், தூக்கினாற் கடிக்க வரும். ‘நாய்க்குக் குணம் கெட்டுவிட்டது’ என்று வீட்டில் முடிவு செய்தோம்.

கால்நடை மருத்துவர் மயிரை விலக்கிக் காட்டியபோது, தகட்டின் அடியில் தோல் சிவந்து ஈரம் கசிந்துகொண்டிருந்தது. உண்ணிகள் சில ஒளிந்திருந்தன. நம் நாட்டில் உண்ணி வெறும் அருவருப்பன்று. நாயின் இரத்தத்திற் புகுந்து காய்ச்சலை விளைவித்துக் கொல்லவும் வல்ல கிருமியைக் கொண்டுவருவது. மருத்துவர் யாரையும் கடிந்து பேசவில்லை. மயிர் வெட்டும் பொறியினால் உடல் முழுதையும் ஒட்ட மழித்துவிட்டு, “இதுக்கு இத்தனை நாளா உடம்பெல்லாம் யாரோ கிள்ளிக்கிட்டே இருந்த மாதிரி இருந்திருக்கும்மா” என்று மட்டும் சொன்னார். வீடு திரும்பும் வரை யான் ஒன்றும் பேசவில்லை. கண்ணீருக்குக் காரணம் என்று முன்னர்ச் சொன்னது இதுவே.

மயிர் மீண்டும் வளர்ந்தபோது முறையாகக் கற்றேன். கற்றவற்றுட் பாதி மருத்துவர் சொன்னது. பாதி ஆச்சி சொன்னது. சிக்கு மேலே பிறப்பதன்று, தோலை ஒட்டிப் பிறப்பது. உதிர்ந்த மென்மயிர் வெளியே விழாமல் நீண்ட மயிரிற் சிக்கி முறுக்கிக்கொள்வதே அதன் தொடக்கம். ஆகையால் மேல்மயிரை வாருவது வாராததற்கு ஒப்பாகும். நாயை ஒருபுறமாகப் படுக்கவைத்து, வயிற்றோரத்தில் தொடங்கி, இடக்கையால் மயிரை மேலே தூக்கிப் பிடித்து, ஒரு விரல் அகலம் மட்டும் கீழே விட்டு, அதனைத் தோலிலிருந்து நுனி வரை வாருதல் வேண்டும். பின்னர் அடுத்த விரல் அகலம். ஓலைக் கூரைக்கு வரிசை வரிசையாகக் கீற்று வேய்வதைப் போன்றது இவ்வேலை. முற்றிலும் உலர்ந்த மயிர் வாரும்போது முறியும் ஆதலால், பனி படர்ந்தாற்போலச் சிறிது நீர் தெளித்துக்கொள்ளலாம். முள் போன்ற கம்பிகளை உடைய தூரிகை முதலில். பின்னர், ஒரு பாதியில் அகன்ற பற்களும் மறு பாதியில் நெருங்கிய பற்களும் உள்ள எஃகுச் சீப்பு. தூரிகை சிக்கை மறைக்கும், சீப்பே அதனைக் காட்டிக்கொடுக்கும். சீப்பு எங்கும் தடைப்படாமற் சென்றாலன்றி வேலை முடிந்ததென்று எழுந்திருத்தல் கூடாது.

சிக்கு அகப்பட்டால், அதில் சோளமாவைத் தூவி, விரல்களால் இரண்டாக நான்காகப் பிரித்து, நுனியிலிருந்து சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். இவ்விடத்திலேதான் ஆச்சி தாமாக வந்து சேர்ந்தார்கள். யான் வாரும்போது பஞ்சு கத்துவதைத் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள், பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்து சீப்பைப் பிடுங்கினார்கள். சிக்குக்கும் தோலுக்கும் இடையே மயிரை இடக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பிடிக்கு வெளியே மட்டும் வாரினார்கள். இழுப்பு விரலோடு நின்றுவிடும். தோலுக்குச் சென்று சேராது. பத்தொன்பது ஆண்டுகளாக என் தலையை அப்படித்தான் வாரியிருக்கிறார்கள். யான் ஒருநாளும் கவனித்ததில்லை. பஞ்சு கத்துவதை நிறுத்திற்று.

கத்தரிக்கோலால் சிக்கை வெட்டுவது எளிதென்று தோன்றும். சிக்கு இழுக்கும்போது தோலும் கூடாரம் போல் எழும்பி அதனுள் வந்துவிடும் ஆதலால், வெட்டுப்படுவது பெரும்பாலும் தோலே. இடையிற் சீப்பைச் செருகிக்கொள்ளாமல் அங்கே கத்தரியைக் கொண்டுபோகலாகாது. குளிப்பாட்டுதல் மூன்று கிழமைக்கு ஒருமுறை போதும்; அதுவும் வாரி முடித்த பின்னரே. நாயின் தோல் நம் தோலைப் போன்றதன்று. நம் ஷாம்புவும் சவர்க்காரமும் அதற்குப் பொருந்தா. காதுக்குள் நீர் புகலாகாது. வேர் வரை ஈரம் போக உலர்த்துதல் வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈர மயிரின் அடியிற் காளான் நோய் எளிதிற் பற்றும். கண்ணின் மேல் விழும் மயிரைக் குடுமியாகக் கட்டிவிட வேண்டும், அல்லது வெட்டிவிட வேண்டும். இவ்வினத்தின் கண்கள் முன்னே துருத்தியவை. மயிர் உராய்ந்தால் புண்ணாகும். பாதத்தின் அடியில், விரல்களுக்கிடையே வளரும் மயிரைப் பலர் மறந்துவிடுகின்றனர். மொசைக் தரையில் நாய் வழுக்கி வழுக்கி நடப்பதற்கு அதுவே காரணம்.

இவ்வளவுக்கும் நாள்தோறும் செல்வது கால் மணி நேரம். கண்காட்சிக்குக் கொண்டுசெல்வோர் தவிர ஏனையோர் ஷிட்ஸுவின் மயிரை ஒரு விரற்கட்டை அளவாக வெட்டி வைத்துக்கொள்வதே இந்நாட்டிற்கு ஏற்றது என்பது என் கருத்து. நாங்கள் இப்பொழுது அவ்வாறே செய்கின்றோம். வாரும் வேலையும் பாதியாகக் குறைந்தது.

ஆனால் இதனைக் கேட்டு, எல்லாச் சடை நாய்க்கும் கோடையில் மொட்டையடிக்கலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டா. நம் நாட்டில் நெடுநாளாக வளர்க்கப்படும் வெள்ளைச் சடை நாயைப் பொமரேனியன் என்றே அழைக்கின்றோம். அவற்றுட் பெரும்பாலானவை இந்திய ஸ்பிட்ஸ் என்னும் வேறு வகை. ஆங்கிலேயர் கொணர்ந்த செருமானிய ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில் இங்கே உருவானவை. உண்மைப் பொமரேனியன் பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா நாட்டின் பெயரைக் கொண்டது. 1888-இல் விக்டோரியா அரசியார் இத்தாலியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்த பிறகே அதன் சிறிய வடிவம் பெரும் புகழ் பெற்றது. இவ்விரண்டுக்கும் மயிர் இரண்டு அடுக்கு: உள்ளே பஞ்சு போன்ற மென்மயிர், வெளியே நீண்ட காப்பு மயிர். காப்பு மயிர் வெயில் தோலிற் படாமற் காக்கின்றது. அதனை ஒட்ட மழித்தால் சில நாய்களுக்கு மீண்டும் சரியாக முளைப்பதில்லை. திட்டுத் திட்டாகச் சொட்டை விழுந்துவிடும். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்தே அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கின்றது. எனவே மயிரை மழிப்பதினும், உதிர்ந்த உள்மயிரை வாரி எடுத்துவிட்டு, நிழலும் நீரும் தந்து, வெயிலுக்கு முன்னரும் பின்னரும் மட்டும் வெளியே கொண்டுசெல்வதே அதற்குச் செய்யும் உதவி. மூக்குச் சப்பையான ஷிட்ஸுவுக்கு மூச்சிரைப்பதே கடினம் ஆதலால், நண்பகலில் அதனை உலாவக் கூட்டிச்செல்வது கொடுமை என்றே சொல்வேன்.

இனி வீட்டொழுக்கம். இதிலே எங்கள் தவறு இன்னும் பழையது.

குட்டி வந்த நாள் முதல் கூடத்திலும் கட்டிலடியிலும் நீர் விட்டுக்கொண்டிருந்தது. ஊரார் சொன்ன மருத்துவம் யாவரும் அறிந்ததே: மூக்கை அதிலே தேய், செய்தித்தாளைச் சுருட்டி ஓர் அடி கொடு. அப்பா அவ்வாறே செய்தார். கல்லூரி விட்டு வரும் யானும் செய்தேன். விளைவு என்னவெனில், பஞ்சு எங்கள் கண் முன்னே நீர் விடுவதை நிறுத்திவிட்டு, அலமாரியின் பின்னாலும், ஒருநாள் தரையில் வைத்திருந்த என் நன்னூல் உரையின் மேலும் விட்டது. தண்டனையிலிருந்து அது கற்ற பாடம் ‘வீட்டில் கூடாது’ என்பதன்று. ‘இவர்கள் பார்க்கும்போது கூடாது’ என்பதே. அதனால் வெளியே கூட்டிச்சென்றாலும் எங்கள் முன்னிலையிற் போகாது. உள்ளே வந்து மறைவிடம் தேடும்.

நனைந்த அந்நூலை வெயிலில் உலர்த்தியபோது திறந்திருந்த பகுதி பொதுப்பாயிரம். மாணாக்கரை அன்னமும் ஆவும் முதலாக இல்லிக்குடமும் ஆடும் எருமையும் வரை வகுத்துரைக்கும் அப்பகுதியில் நாய் இல்லை. ஆனால் ஆசிரியராகத் தகாதவர் வகையும் அங்கே உண்டு. எங்கள் வீட்டில் நடந்த பாடத்தில் மாணாக்கனைக் காட்டிலும் ஆசிரியரே பிழைபட்டவர் என்பதை அதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“செய்தது தப்பு என்று அதற்கே தெரிகிறது; பார், எப்படி முகத்தைத் தொங்கப் போடுகிறது!” என்று அப்பா சொல்வது வழக்கம். 2009-இல் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதனையே சோதித்து ஓர் ஆய்வு வெளியிட்டார். பதினான்கு நாய்கள். ‘உண்ணாதே’ என்று விலக்கிய தின்பண்டத்தை வைத்துவிட்டு உரியவர் வெளியே செல்வார். திரும்பி வரும்போது, நாய் தின்றதா இல்லையா என்பதைப் பற்றிச் சில வேளை உண்மையும் சில வேளை பொய்யும் அவருக்குச் சொல்லப்படும். தின்ற நாயாயினும் தின்னாத நாயாயினும், உரியவர் கடிந்துகொண்டபோது அந்தக் குற்ற முகத்தைக் காட்டிற்று. அம்முகம் செய்த பிழையைக் காட்டுவதன்று. எதிரே நிற்பவரின் சினத்தைக் காட்டுவது. இதனை அப்பாவிடம் சொன்னபோது அவர்கள் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்படியானால் இத்தனை நாள் அது என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது” என்றார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டிற் செய்தித்தாள் சுருட்டப்படவில்லை.

ஆயினும் அப்பாவின் கெடு நீங்கவில்லை. மொட்டையடித்த நாய் கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்த அந்தக் கிழமையில், “இரண்டு மாதத்தில் தரை சுத்தமாக வேண்டும், இல்லாவிட்டால் தோட்டத்து வீட்டிற்கு அனுப்பிவிடுவேன்” என்று சொல்லியிருந்தார்கள். அங்கே அனுப்பினால், வாருவார் இன்றிச் சங்கிலியிற் கிடக்கும் என்பதை யாவரும் அறிவோம்.

யான் கைக்கொண்ட முறை புதியதன்று. நாய் எப்பொழுதெல்லாம் கழிக்கும் என்பது முன்னரே தெரியக்கூடியது: துயில் எழுந்தவுடன், உண்டபின் சிறிது நேரத்தில், விளையாடி முடித்தவுடன், படுக்குமுன். அவ்வேளைகளில் எல்லாம் கயிற்றிற் பிடித்து, புறக்கடை முருங்கை மரத்தடிக்கே, ஒரே வழியாகக் கூட்டிச்சென்று, ஒரே சொல்லைச் சொல்லி நின்றேன். கழித்து முடித்த அக்கணத்திலேயே, அவ்விடத்திலேயே, ஒரு துண்டு தின்பண்டமும் நல்ல சொல்லும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குக் கூலி என்றே அது கொள்ளும். கழித்தவுடன் பரபரவென்று உள்ளே இழுத்து வருவதும் தவறு. ‘கழித்தால் உலாவல் முடிந்துவிடும்’ என்று கற்றுக்கொண்டு வேண்டுமென்றே காலந்தாழ்த்தும். உணவுக்கு வேளை குறித்தேன். நாள் முழுதும் தட்டை வைத்திருந்தால் கழிவுக்கும் வேளை இராது. வீட்டினுள் இருக்கையில் கயிற்றின் மறுநுனி என் நாற்காலியிற் கட்டியிருக்கும். தொல்காப்பியம் படித்துக்கொண்டே நாயின் மூக்கையும் கவனிக்கப் பழகினேன். தரையை முகர்ந்து வட்டமிடத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான்.

குட்டிகளை வளர்ப்போர் பொறுமையோடிருக்க வேண்டும். எத்தனை திங்கள் வயதோ அதனோடு ஒன்று கூட்டி, அத்தனை மணி நேரம் அடக்கலாம் என்பது ஒரு வாய்பாடு, அதுவும் மேல்வரம்பே. நான்கு திங்கள் வரை அடக்கும் ஆற்றலே நிரம்புவதில்லை. சிறிய நாய்க்கு நீர்ப்பையும் சிறிது. தடுப்பூசிகள் முடியும் வரை தெருவுக்குக் கொண்டுசெல்லாமல் வீட்டு எல்லைக்குள்ளேயே பழக்க வேண்டும். நன்கு பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் நீர் விட்டால் அது குறும்பன்று; நீர்ப்பையில் நோயோ கல்லோ இருக்கலாம்.

ஐப்பசி மழை வந்தபோது என் முறை முழுதும் இடிந்தது. ஈரத் தரையிற் பஞ்சு கால் வைக்காது. மழையில் என்னை நனையவிட்டு வாயிற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். புறக்கடைத் தாழ்வாரத்தில் ஒரு தட்டில் மண்ணும் புல்லும் இட்டு வைத்தேன். மூன்றாம் நாள் அதனை ஏற்றுக்கொண்டது.

தரையைக் கழுவுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. முன்பு போன இடத்தின் நாற்றமே நாயை அங்கே மீண்டும் அழைப்பது. நாம் பினாயில் ஊற்றி நம் மூக்கை ஏமாற்றிக்கொள்கின்றோம். அதன் மூக்கு ஏமாறாது. மேலும் பினாயில் பட்ட பாதத்தை அது நக்கினால் தீங்கும் விளையும். அம்மோனியா கலந்த நீர்மங்கள் சிறுநீரின் நாற்றத்தையே ஒத்தவை. நீரிற் கலந்த காடியோ, இதற்கென்றே விற்கப்படும் நொதி கலந்த நீர்மமோ நன்று. இதனிடையே மற்றொன்றும் கண்டோம். வீடு நாறுகின்றது என்று நாங்கள் நொந்துகொண்ட நாற்றத்திற் பெரும் பகுதி தரையிலிருந்து வரவில்லை. அதன் வயிற்றடியிலும் தொடையிலும் நீர் பட்டு ஊறிய மயிரிலிருந்தே வந்தது. அவ்விடத்து மயிரை மருத்துவர் குறுக வெட்டிவிட்ட பின், ஆச்சியே கூடத்திற்குள் வருவதைத் தடுக்கவில்லை. மயிரும் வீட்டொழுக்கமும் இரண்டு வெவ்வேறு காரியம் என்று எண்ணியிருந்தேன். ஒன்றைக் கைவிட்டவருக்கு மற்றொன்றும் வாய்க்காது.

தோழி ஒருத்தி இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, “தலைக்கு எண்ணெய் இன்றிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கும் நாட்டில், நாய்க்கு நாள்தோறும் கால் மணி நேரமா?” என்றாள். இக்கேள்வியை யான் எளிதிற் தள்ளிவிட மாட்டேன். நாய்க்கு நறுமணமும் பட்டு நாடாவும் வாங்கி, அதனைப் படம் பிடித்து நண்பர்க்கு அனுப்புவதற்கென்றே வளர்ப்பவரை நோக்கி அவள் கேட்டாளாயின், அவள் பக்கமே நிற்பேன். ஆனால் பஞ்சு தன் மயிரைத் தானே வேண்டிப் பெறவில்லை. பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்யாதிருப்பதற்கு இந்தக் கால் மணி நேரம் காரணமும் அன்று. அதனை மிச்சப்படுத்தியிருந்தால் யான் பிள்ளைகளுக்குச் செலவிட்டிருப்பேனோ என்று அவள் திருப்பிக் கேட்டாள். கைப்பேசியிற் செலவிட்டிருப்பேன் என்று உண்மையைச் சொன்னேன்.

வாங்கும் முன்னரே இதனை எண்ண வேண்டும் என்பதில் அவளுக்கும் எனக்கும் வேறுபாடில்லை. நாள்தோறும் கால் மணி நேரம் தர இயலாதவர் சடை நாயை வாங்கவே கூடாது. விடுதிக்கும் வேலைக்கும் செல்லவிருக்கும் நம்மைப் போன்றோர் பிறந்த நாள் பரிசாக அதனைக் கேட்பதும் கூடாது. நாய் வேண்டுமாயின், தெருவிற் பிறந்த நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாம். அதன் குறுமயிருக்குக் கிழமைக்கு ஒருமுறை தேய்த்துவிடுதல் போதும். நம் வெயில் அதற்குப் பிறந்த வீடு. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று தென்னாட்டின் பெயர் சொல்லும் இனங்களும் குறுமயிர் உடையவையே. எனினும் அவை ஓடுவதற்குப் பிறந்தவை. அடுக்கு மாடியில் அடைத்து வைத்தால் அதுவும் வேறொரு கொடுமையாகும். ஏற்கெனவே சடை நாயைப் பெற்றுவிட்டவருக்கோ வேறு வழி இல்லை. சீப்பை எடுக்க வேண்டியதே.

எங்கள் வீட்டுக் கெடு முடிந்த நாள் யாருக்கும் நினைவில் இல்லை. தரை முழுதும் சுத்தமாயிற்று என்று சொல்ல மாட்டேன்; பட்டாசு வெடிக்கும் நாள்களில் இன்றும் தவறு நேர்கின்றது. விடியற்காலையிற் புறக்கடைக் கதவைத் திறப்பவர் இப்பொழுது அப்பா. வருகிற ஆனியில் யான் மேற்படிப்புக்கு வெளியூர் செல்ல நேர்ந்தால் வாருவது யார் என்னும் ஆச்சியின் கேள்வி மறுபடியும் எழுந்திருக்கின்றது. ஆச்சி அதற்கு விடை ஒன்றும் சொல்லவில்லை. எஃகுச் சீப்பை மட்டும் என் மேசையிலிருந்து எடுத்துத் தங்கள் வெற்றிலைப் பெட்டிக்கு அருகில் வைத்திருக்கிறார்கள். நகம் வெட்டுவதை இருவரும் கற்றோமில்லை. அதற்கு மருத்துவரிடமே செல்கின்றோம்.